பீச் ஸ்டேஷனில் நின்ற ஆவடி வண்டி

தேவிபட்டினம்
ஆனி 9

அன்புள்ள கருவாட்டுக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல். மூட்டு வலி அப்படியேதான். அதைப் பற்றி எழுதினால் நீயும் பதிலுக்கு உன் மூட்டைப் பற்றி எழுதுவாய், இரண்டு பக்கம் வீண்.

நம் தோழி ஒட்டகச்சிவிங்கி போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சித்திரைக் கடைசியிலிருந்து நாற்பது நாள் நான் தாம்பரத்தில்தான் இருந்தேன். சேலையூரில், மகன் வீட்டில். உன் ஆவடிக்கு வரவில்லை. போன்கூடப் பண்ணவில்லை. வைகாசியில் நீ கூப்பிட்டபோது, "இங்கே ஒரே காற்றுடி, சரியாகக் கேட்கவில்லை" என்று வைத்துவிட்டேனே, அந்தக் காற்று மகன் வீட்டு ஏசிக் காற்று. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

நடந்தது இதுதான். மாசியில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவள், தலை சுற்றித் துவைக்கிற கல்லில் போய் விழுந்துவிட்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. பக்கத்து வீட்டு லாத்தா தொழுகைக்கு எழுந்தவர், என் வீட்டுத் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் ஓயவே இல்லையே என்று மதில் மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார். அப்புறம் 108, ராமநாதபுரம், நெற்றியில் ஐந்து தையல், வேறு பிரஷர் மாத்திரை. அவ்வளவுதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மகன் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான் பார், வாயே திறக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன். ரொம்ப நேரம் கழித்து, "அன்னைக்கு கரண்டு இல்லாம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

சரி, வெயில் காலத்தில் வந்து இருந்து பார்க்கிறேன், அந்த வெயிலைத் தாங்கினால் மற்றதைப் பேசலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இப்போதுதான் ராமேஸ்வரத்திலிருந்து தாம்பரத்துக்கே நேர் வண்டி இருக்கிறதே. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்த அன்றே கொடியசைத்துவிட்ட வண்டி. பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர்த் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. ஆட்கள் நின்று கையால் சுற்றிச் சுற்றித் தூக்கிய பழைய பாலத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்த நமக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ராமநாதபுரத்தில் ஏறினால் காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை என்று ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு, இருட்டோடு இருட்டாகக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தபோது, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியவள் நீ. "கடலை விட்டுப் போனவளுக்கு வேண்டும்" என்று பதில் எழுதிய மகராசி நான். இந்த முறை அனுபவித்துவிட்டேன். இருபது வருஷம் நிலக்காற்று, கடற்காற்று என்று போர்டில் அம்புக்குறி போட்டவளுக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பாடம் புரிந்தது. கடல் என்னவோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வைகாசியில் மலையைத் தாண்டி வருகிற மேல்காற்று, கடற்காற்றை உள்ளே விடாமல் மத்தியானம்வரை தடுத்து நிறுத்திவிடுகிறது. இரண்டு மணிக்கு மேல் ஒரு நேரம் பால்கனித் துணி திடீரென்று மேற்குப் பக்கம் சாயும். நான் வீட்டுக்குள்ளிருந்தே "வந்துருச்சு" என்பேன். மருமகள், "யாரு அத்தை?" என்று கதவைத் திறக்கப் போவாள்.

இங்கே மட்டும் என்ன குளுகுளுவென்றா இருக்கிறது? பகலில் அந்த அளவு ஏறாது, சரி. ராத்திரிப் புழுக்கத்தில் பாய் நனைகிறதே, அதை நான் உனக்கு எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. நம் ஊர்ப் பெருமையைப் பேசும்போது அதை மட்டும் விட்டுவிடுவது என் பழக்கம்.

தண்ணீர் பெரிய கூத்து. போன அன்றே மருமகள் சுற்றிக் காட்டினாள்: "அத்தை, இது குளிக்க, இது சமைக்க, இந்தக் கேன் குடிக்க." மூன்று தண்ணீர்! நம் வீட்டிலும் மூன்றுதானே. போர் உப்புத் தண்ணீர் புழங்க, காவிரிக் கூட்டுக் குடிநீர் சமைக்க, வண்டியில் வாங்குகிற குடம் குடிக்க. இதற்காகவா ஐந்நூறு கிலோமீட்டர் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நல்ல பிள்ளைடி அவள், வீணாகக் குறை சொல்லக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மகன் மீன் வாங்கக் கூட்டிப்போனான். நகரையை எடுத்துச் செவுளைத் தூக்கினேன், செங்கல் நிறம். வயிற்றை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. "இது எந்த ஊரு மீனு தம்பி?" என்றேன். "ஃப்ரெஷ்ஷு பாட்டி, ராமேஸ்வரம் மீனு" என்கிறான் கடைக்காரன். ரயிலில் எனக்கு முன்னால் கிளம்பி வந்திருக்கும் போல. அதற்கப்புறம் நான் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே, தட்டில் இருக்கிறதைத் தொடாமல் உள்ளேயிருந்து வேறு எடுத்துப் போடுவான்.

வெள்ளத்தையும் விசாரித்தேன். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவுக்குள் படகு விட்டார்களாம். எங்கள் வாட்ச்மேன் கையைத் தோளுக்கு வைத்து, "இம்மாந் தண்ணி" என்று காட்டினார். சேலையூர் மேடு, பயமில்லை என்கிறான் மகன். கடலோரத்தில் அறுபத்தைந்து வருஷம் இருந்து ஒரு நாளும் வீட்டு வாசலில் படகு ஏறாதவள், அங்கே போய் ஏறினாலும் ஏறுவேன்.

இவ்வளவு கிண்டல் பண்ணுகிறேனே, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டதுடி.

இதை எழுதக் கை கூசுகிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடந்தேன், யாரும் "டீச்சர், எங்க போறீக, தையல் பிரிச்சாச்சா, மகன் என்ன சொல்றாப்ல" என்று கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் அநாதை மாதிரி இருந்தது. மூன்றாவது நாள் பட்டம் பறந்த மாதிரி இருந்தது. பிரஷர் பார்க்க லிஃப்டில் இறங்கித் தெருமுனைக்குப் போனால் போதும், முன்பதிவு, மதுரை, இரண்டரை மணி நேர பஸ் என்று ஒன்றும் இல்லை. நானே தனியாக மின்சார ரயில் ஏறக் கற்றுக்கொண்டேன். பத்து ரூபாய் டிக்கெட்டில் தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும். பெண்கள் பெட்டியில் ஹேர்க்ளிப் விற்கிறவளிடம் பேரம் பேசி வாங்கியது இரண்டு டஜன். என் தலையில் இருக்கிற முடிக்கு இரண்டு டஜன்!

பீச் என்று பேர் வைத்திருக்கிறார்களே, இறங்கினால் கடல் கண்ணுக்கு எதிரே விரியும் என்று நினைத்துப் போனேன். எதிரே துறைமுகத்து மதிலும் லாரிகளும்தான். சிரித்துக்கொண்டே திரும்பினால் பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி நிற்கிறது. நெற்றியில் சிவப்பு எழுத்தில் ‘ஆவடி’. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் ஒரு சீட் காலி. என் கையிலும் நேரம் இருந்தது, பையில் உனக்குப் பிடித்த பனங்கற்கண்டும் இருந்தது, ஊரிலிருந்து உனக்கென்றே எடுத்து வந்தது. ஒரு கால் எடுத்து வைத்தால் உள்ளே. நின்றுகொண்டே இருந்தேன். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

ஏன் ஏறவில்லை என்று வழியெல்லாம் யோசித்தேன். உன்னிடம் வந்தால் உன் முகத்தைப் பார்த்து, "இந்தப் பக்கமே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று சொல்ல வேண்டும். 1986இல் ராமநாதபுரம் ஸ்டேஷனில், நீ கல்யாணமாகிப் பெட்டியோடு நின்றபோது நான் என்ன பேசினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "டேங்க் ஃபேக்டரிப் புகையைக் குடிக்கப் போகிறாயாக்கும். மூன்று மாதத்தில் கடல் வேண்டும் என்று அழுதுகொண்டு வருவாய்" என்று ஐந்து ரூபாய் பந்தயம் கட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ, "கடல்தானே" என்றாய். அது மட்டும்தான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினேன்.

1964இல் நீயும் நானும் ஐந்து வயதுப் பிள்ளைகள். எனக்கு அந்த மார்கழிப் புயல் என்றால் அப்பா கதவுக்கு உலக்கையை முட்டுக்கொடுத்தது மட்டும்தான். உனக்கு தனுஷ்கோடி. நீயும் அம்மாவும் மண்டபத்தில் பாட்டி வீட்டில் இருந்ததால் தப்பித்தீர்கள், ஸ்டேஷனில் வேலையிலிருந்த அப்பா நாலு நாள் கழித்து மணலில் நடந்தே வந்து சேர்ந்தார் என்று ஹாஸ்டலில் ஒரே ஒரு தரம், விளக்கை அணைத்த பிறகு சொன்னாய். இனி அங்கே ஆள் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கமே எழுதிவிட்ட ஊர். அந்த ஊர்க்காரியிடம் போய்க் கடலைக் காட்டிப் பெருமை பீற்றியிருக்கிறேன். நாற்பது வருஷமாக. இது என் மண்டையில் உறைக்க ஐந்து தையல் தேவைப்பட்டிருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ கெட்ட வார்த்தை சொல்வாய். எழுதிவிட்டேன், சொல்லிக்கொள்.

இப்போது இங்கே நிலவரம். திரும்பி வந்தால் வாசல் பூட்டு திறக்கவில்லை. நாற்பதே நாள்! சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. லாத்தா தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்து, கடைசியில் அவர் பேரன் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தான். ஜன்னல் கம்பியில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கிறது, நகத்தால் கீறினால் பொட்டு பொட்டாகச் செதில் உதிர்கிறது. மாடிப்படிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெடித்துக்கொண்டு வரும் என்று கொத்தனார் விளக்கினார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்குகிற வீடு இது. மிச்சம் பிடித்த கரண்டு காசையெல்லாம் பெயிண்ட் டப்பாவில் போட்டேன் என்றுதான் கணக்கு வருகிறது.

வீட்டை ஒருவர் கேட்கிறார். மதுரைக்காரர். நம் கடலுக்குள் இருக்கிற நவபாஷாண நவக்கிரகங்களுக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்களுக்கு ரூம் கட்டப் போகிறாராம். நல்ல விலைதான். ஆவணி முதல் தேதிக்குள் சரி, இல்லை என்று சொல்லிவிட வேண்டும். விற்க வேண்டாம், பூட்டிப் போட்டுவிட்டு வா என்கிறான் மகன். பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பூட்டு சொல்லிவிட்டதே. நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் ஆவுளியாவுக்கு, அதுதான் கடல் பசுவுக்கு, என்று 448 சதுர கிலோமீட்டரை 2022இல் ஒதுக்கி எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது பத்துக்குப் பத்து அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல். குறை சொல்லவில்லை, ஜன்னல் நல்ல ஜன்னல்.

லாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது. நேற்றுகூடச் சூடைமீன் குழம்பு கொடுத்துவிட்டு, "ராத்திரி மோட்டார் போட்டா எனக்கு ஒரு குரல் கொடுங்க டீச்சர்" என்று போனார். அவருக்கும் எழுபது ஆகிறது. அவர் விழுந்தால் யார் எட்டிப் பார்ப்பது? இதை மகனிடம் கேட்டால், "அவங்களுக்குப் பேரன் இருக்கான்மா" என்கிறான். நியாயம்தான். ஆனால் அந்தப் பேரன் சவுதிக்கு விசா எடுத்துவிட்டான்.

நீ எனக்கு ஒன்று மட்டும் எழுது. அறிவுரை வேண்டாம், ட்யூப்லைட் சாரிடம் கேட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும். ஆவடிக்குப் போன முதல் வருஷம் சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ என்ன செய்தாய்? அந்த நேரம் ஒன்றுதான் எனக்கு அங்கே தள்ளவில்லை. மற்ற இருபத்துமூன்று மணி நேரத்துக்கும் ஆள் தயார்.

ஆடி அமாவாசைக்கு இங்கே கூட்டம் தாங்காது. அதற்கு முந்தின வாரம் வா. தாம்பரம் வண்டியில் ஏறு, ராமநாதபுரத்தில் ஆட்டோவோடு நிற்கிறேன். வீட்டை நீயும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, எதுவாக முடிந்தாலும்.

பனங்கற்கண்டு உருகிவிட்டது, வேறு வாங்கி வைத்திருக்கிறேன். கவருக்குள் ஐந்து ரூபாய் இருக்கும், எடுத்துக்கொள். வட்டி கேட்காதே.

உன்
உப்புமூட்டை