வெல்டிங் ஹெல்மெட்டில் இரண்டு சென்சார் வேலை செய்யவில்லை: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தானாக இருளும் வெல்டிங் ஹெல்மெட்டை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

நான் சிங்கப்பூர் துவாஸில் ஒரு பைப் பட்டறையில் 11 வருடமாக டிக் வெல்டராக (டங்ஸ்டன் முனையால் வெல்டிங் செய்பவர்) இருக்கிறேன். பழைய ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் கழுத்து வலி வந்ததால், நான்கு மாதத்துக்கு முன் உங்கள் உபி கடையில் சொந்தக் காசு 268 வெள்ளி கொடுத்து இதை வாங்கினேன். ஆர்க் எனும் வெல்டிங் மின்பொறியின் வெளிச்சத்தைச் சென்சார்கள் பிடித்ததும் இதன் கண்ணாடி தானாக இருள வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. ரூட் (ஜாயிண்டின் முதல் அடி வெல்டிங்) ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, ஆர்க் அணையாமலே, கண்ணாடி திறந்து திறந்து மூடுகிறது. கண்ணில் பளீரென்று அடிக்கிறது, கை ஆடுகிறது, டங்ஸ்டன் முனை உருகிய இரும்பில் போய்க் குத்துகிறது. உடனே கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தோண்டி, டங்ஸ்டனைத் தீட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன வாரம் ஒரே ஜாயிண்டில் மூன்று முறை இப்படி ஆனது. சூப்பர்வைசர் என் கையைத்தான் சந்தேகப்பட்டார்.

போனில் பேசிய உங்கள் ஊழியர், கண்ணாடி இருளாவிட்டாலும் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் அது எப்போதும் தடுக்கும், பயப்படாதீர்கள் என்றார். சரிதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஜாயிண்டை யார் ஓட்டுவது?

அவர் சொன்னதை எல்லாம் செய்தேன். சி.ஆர்.2450 பேட்டரி இரண்டையும் புதிதாகப் போட்டேன். ஸ்பேட்டர் (தெறிக்கும் உருகிய உலோகம்) பட்டுப் புள்ளி விழுந்திருந்த வெளிப் பிளாஸ்டிக்கை மாற்றினேன். சென்சார்களைத் தின்னர் எதுவும் படாமல் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தேன். கண்ணாடி இருளாத கிரைண்டிங் மோடில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சென்சிட்டிவிட்டியைக் கடைசி வரை திருப்பினேன், டிலேயையும் (கண்ணாடி மறுபடி தெளிவாக எடுக்கும் நேரம்) கூட்டினேன். 10 ஆம்ப்ஸுக்குக் கீழே ஓட்டினால் பல ஹெல்மெட்டுகள் ஆர்க்கைப் பிடிக்கத் தடுமாறும். நான் ஓட்டுவதோ 80 ஆம்ப்ஸ். எதுவும் பலிக்கவில்லை.

பிறகு நானே சோதித்தேன். ஹெல்மெட்டை மேசையில் நிறுத்தி, உள்ளே என் போனை வீடியோ எடுக்கவிட்டு, நான்கு சென்சாரில் மூன்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். நண்பர் எதிரே ஆர்க் அடித்தார். ஒவ்வொரு சென்சாராக மாற்றி மாற்றிப் பார்த்தோம். இடது பக்கத்து இரண்டும் கண்ணாடியைச் சட்டென்று இருளச் செய்தன. வலது பக்கத்து இரண்டுக்கும் அசைவே இல்லை. நண்பரும் இதே மாடல்தான் வைத்திருக்கிறார். அதில் நான்கும் வேலை செய்கின்றன. இரண்டு வீடியோவையும் இணைத்திருக்கிறேன்.

சாய்த்து வைத்த பைப்புக்கு அடியில் தலையை நுழைத்தால், பைப்பே இடது பக்கச் சென்சார்களை மறைத்துவிடும். வலது பக்கம் உயிரோடு இருந்தால் பாதகமில்லை. நான்கு சென்சார் வைப்பதே அதற்குத்தானே? நேராக நின்று தட்டையான தகட்டை ஓட்டினால் கோளாறு வெளியே தெரியாது. அதனால்தான் நானே ஒரு மாதம் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை நாள் விடுப்பு எடுத்து, எம்ஆர்டியில் தீவின் ஒரு கோடியிலிருந்து உங்கள் கடைக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி டெஸ்ட் பட்டனை அழுத்தினார், கண்ணாடி இருண்டது. "ஓகேதான் அங்கிள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டன் கண்ணாடியும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றனவா என்று காட்டும். சென்சார் வெளிச்சத்தைப் பிடிக்கிறதா என்று காட்டாது. இரண்டு நாள் கழித்து, இது தேய்மானம், வாரண்டியில் வராது என்று மின்னஞ்சல் வந்தது. வெளிப் பிளாஸ்டிக் தேயும், ஒப்புக்கொள்கிறேன், அதைக் காசு கொடுத்துத்தான் மாற்றினேன். ஆனால் சென்சார், இருளும் கண்ணாடியோடு சேர்ந்த சீல் வைத்த கார்ட்ரிட்ஜ் என்ற பெட்டிக்குள் இருக்கிறது. அதை நான் எங்கே தேய்த்தேன்?

2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், ஹெல்மெட் வேண்டும். கார்ட்ரிட்ஜையாவது முழு ஹெல்மெட்டையாவது 14 நாளுக்குள் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், அதற்குப் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போவேன்.

மறுபடி சோதிப்பதானால் பட்டனை அழுத்த வேண்டாம். இடது பக்க இரண்டையும் டேப் போட்டு மூடிவிட்டு ஆர்க் அடித்துப் பாருங்கள். சனிக்கிழமை மதியம் கூப்பிட்டால் நானே வந்து ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
துவாஸ் பைப் வெல்டர்
(பில், வாரண்டி அட்டை நகல்கள் இணைப்பில்)

பி.கு.: சென்சார்களைச் சுற்றி லேசாகப் பசை ஒட்டியிருக்கும். சோதித்தபோது ஒட்டிய டேப்பின் பசை அது. அதையும் தேய்மானத்தில் சேர்த்துவிட வேண்டாம்.