நைட் டியூட்டி நர்ஸ் அக்காவுக்கு

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு 2 வருஷம் டிராமடால் என்ற, உடம்பு பழகிப்போகும் வலி மாத்திரை. டாக்டர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். ஆனாலும் வார்டில் ராத்திரி ராத்திரியாகத் தூக்கமில்லை. கொட்டாவி வரும், கால்கள் தானாக உதறும், கண் மட்டும் மூடாது.

அக்கா, நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. விடிகாலை 3 மணிக்கு நீங்களாக வந்து, எதிரே இருந்த கடிகாரத்தைக் கழற்றி டிராயருக்குள் வைத்தீர்கள். பேசினில் வெந்நீர் கொண்டுவந்து என் கால்களை அதில் வைத்து, முழங்கால் வரை நீவிவிட்டீர்கள். "மாத்திரை அடக்கி வெச்சிருந்த நார்அட்ரினலின், அதான் உடம்பை முழிப்பா வெக்கிற ரசாயனம், இப்போ பொங்குதுப்பா. அடங்க சில வாரம் ஆகும். இது உன் மனசு பலவீனம் இல்ல" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அழுதேன்.

நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினேன், அக்கா. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.