பழகாமல் ஏறச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பிறகு மறுபடி சைக்கிள் ஓட்டுவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் மூன்று சக்கர சைக்கிளில் விழ வழியே இல்லை, பழகவும் தேவையில்லை, வாங்கிய அன்றே ஏறிவிடலாம் என்று அதில் ஒரு வரி வந்ததே, அதை யாராவது படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினீர்களா? எழுதியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார், சந்தேகமில்லை. ஒரு முறையாவது திருப்பத்தில் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது உடம்போடு சேர்ந்து உள்பக்கம் சாயும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி சாயாது. வேகத்தோடு ஹேண்டிலை ஒடித்தால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஆள் வெளிப்பக்கம் போவார். திருப்பம் வருவதற்கு முன்பே நடை வேகத்துக்குக் குறைத்து, சீட்டில் உள்பக்கமாக நகர்ந்து, தோளையும் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். காலி மைதானத்தில் எட்டு போட்டுப் போட்டுத்தான் இது கைக்கு வரும்.

இதில் சைக்கிளே தொடாதவர் சீக்கிரம் பழகிவிடுவார். இளமையில் வருடக்கணக்காக ஓட்டியவர்தான் திண்டாடுவார். நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும் சாலையில் வண்டி ஓரத்துக்கு இழுக்கும். விழப்போகிறோம் என்று நினைத்து, பழைய கை சரியும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பும். இரண்டு சக்கரத்தில் அதுதான் ஆளை நிமிர்த்தும். மூன்றில் நேராகச் சாக்கடைக்குக் கொண்டுபோகும். பின்சக்கரங்களின் அகலம் வேறு மறந்துபோகும். முன்சக்கரம் தப்பிய கல்லில் பின்சக்கரம் ஏறும்.

நிற்கும்போது காலை ஊன்றும் பழக்கம் இதைவிட மோசம். வண்டி முழுதாக நிற்பதற்குள் கால் தரைக்குப் போனால், பின்சக்கரம் குதிகாலில் ஏறும். நீங்கள் அச்சிட்ட படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நகரும் வண்டியில் பெரியவர் ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு சிரிக்கிறார். போதாக்குறைக்கு ஹேண்டிலில் நிறுத்துப் பிரேக்கே காணோம். மூன்று சக்கர வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. சரிவில் அந்தப் பிரேக்கைப் பூட்டாமல் ஏறினாலும் இறங்கினாலும் வண்டி நழுவும்.

இது முதல் தடவை என்றால் விட்டுவிடலாம். முன்பு ஒருமுறை, முதியவர்கள் இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆலோசனை சொன்னீர்கள். சாதாரண சைக்கிளில் அப்படி இறக்கினால் பெடல் மேலே வரும்போதெல்லாம் முட்டி மடங்கி நசுங்கும். பெடல் அடியில் இருக்க, அதில் குதிகாலை வைத்தால் கால் நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். காலும் ஊன்ற வேண்டும், முட்டியும் பிழைக்க வேண்டும் என்றால் பெடலை முன்னால் தள்ளி அமைத்த சைக்கிள் இருக்கிறது. பெடலைத் தாங்கிச் சுற்றும் கையான கிராங்க் 170 மி.மீ. இருந்தால், அதைக் கழற்றி 150 போட்டாலும் முட்டி மடிவது குறையும். சீட்டை அந்த 20 மி.மீ. ஏற்ற வேண்டும், மிதிக்க இன்னும் லேசான கியரும் வேண்டும்.

சீட்டில் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி ஓட்டும் சைக்கிளைச் சோம்பேறி வண்டி என்று கேலி செய்ததும் தங்கள் பத்திரிகைதான். சைக்கிள் பந்தய வீரர் ஆஸ்கர் எக் 1914-ல் ஒரு மணி நேரத்தில் ஓட்டிய 44.247 கி.மீ. சாதனையை, 1933-ல் அப்படிச் சாய்ந்துகொண்டே 45.055 கி.மீ. ஓட்டி முறியடித்தார் ஃபிரான்சிஸ் ஃபோர். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கத்தார் அந்த வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். சோம்பேறி வண்டிக்கு என்ன பயமோ!

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரம் வைத்த சாய்வு வண்டி கவிழ்வது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதிலும் கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே போக, கால் அடியில் சிக்கி எலும்பு முறியும். அதனால் குதிகாலைப் பிடிக்கும் பட்டை இல்லாமல் ஏறவே கூடாது. காலுக்கு ஏற்ப, பெடலைத் தாங்கும் முன்கம்பியை ஓர் அங்குலம் நீட்டினால் செயினில் நாலு கண்ணி சேர்க்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டின் ரிம்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அச்சுக்குப் பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஓரிரு மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இது தவறினால் புது டயர் கண்ணெதிரே தேயும். அந்த டயரை வாங்கப்போகிறவர் 20 அங்குலம் என்று கேட்டால் போதாது என்பதையும் எழுதியிருக்கலாம். டயர் உட்காரும் ரிம் விட்டம் 406 மி.மீ., 451 மி.மீ. என்று இரண்டு அளவு அதே பெயரில் வருகிறது. ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. எண் டயரின் பக்கவாட்டில்தான் இருக்கும்.

இதெல்லாம் தாங்கள் அறியாததா? முட்டி தேய்ந்தவர்களுக்கு வண்டி அமைத்துக் கொடுத்துக் கொடுத்துக் கையெல்லாம் கிரீஸ் ஆனவன் சொல்வது பத்திரிகையில் ஏறுமா என்றுதான் யோசனை.

முழுப் பக்கம் கேட்கவில்லை. பழகாமல் ஏறலாம் என்ற வரிக்கு வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். அதே படத்தை மறுபடி போட்டாலும் சரி. அடியில், இப்படிக் காலைத் தேய்க்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்