பேரிங் வண்டிக்கு எந்தச் சக்கரம்?

தேவிகுளம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டுவலி குறைந்ததைப் படித்து நிம்மதி அடைந்தேன். இங்கே மழை ஓய்ந்து தேயிலைக் கொழுந்தெடுப்பு மும்முரமாக நடக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு, பள்ளி விட்டால் பேரிங் வண்டிதான் உலகம்: பலகைக்கு அடியில் பழைய பேரிங்கைச் சக்கரமாகப் பூட்டி, மேட்டிலிருந்து உருட்டிவிடும் வண்டி.

கனமான இரும்புச் சக்கரம் பூட்டினால் வண்டி வேகமாக ஓடுமா என்று உன் மகள் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. கனம் வேண்டும்தான், ஆனால் அதைப் பலகையில் ஏற்றச் சொல். 10 மீட்டர் உயரத்திலிருந்து உருண்டு வரும் வண்டிக்கு, உராய்வும் காற்றும் இல்லையென்றாலும், மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கிடைக்காது. எடை எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. காற்று குறுக்கே நிற்கும்போதுதான் எடை கைகொடுக்கும். அதே தடை கனத்த வண்டியைக் குறைவாகவே இழுத்துப் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். ஆகவே நிமிர்ந்து உட்காராமல் குனிந்தே ஓட்டட்டும்.

சக்கரத்தின் கதை வேறு. அது முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டும். எடை முழுவதும் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ சக்கரம், வேகமெடுக்க இரண்டு கிலோவுக்கான ஆற்றலைக் கேட்கும். பூமி இழுப்பதோ ஒரு கிலோவைத்தான். சிறிய, லேசான சக்கரமே மேல். ரோடு மட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும். குழியில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் ஒர்க்ஷாப்பில் கழித்த பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கறுத்த கிரீஸைத் துணியால் துடைத்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டான். பிறகு விரலால் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டான். கரகரப்பு இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டான். எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை! அச்சு கோணினால் சக்கரம் பக்கவாட்டில் தேய்ந்தே வேகத்தைத் தின்றுவிடும். சிமென்ட் தரையில் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இப்படி எஞ்சின் இல்லாத வண்டிகளைச் சரிவில் உருட்டிவிடும் சிறுவர் போட்டி 1934 முதல் நடக்கிறது. 1973-இல் ஆக்ரன் நகரில் வென்ற வண்டியின் மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது. தொடக்கக் கோட்டின் இரும்புத் தடுப்பு கீழே சாயும்போது வண்டியையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பரிசைப் பறித்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

லீவுக்கு மகளை அழைத்துக்கொண்டு போடிமெட்டு வழியாக வா. ஃபாக்டரி மேட்டில் ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. பிரேக் கட்டையை மட்டும் நீயே முன்னின்று பூட்டிவிடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்