மிச்சமிருப்பவரின் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வுக்குப் பிறகு கணவன் மனைவி இருவருக்கும் மாதம் எவ்வளவு தேவை என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைத்தால் போதும் என்கிறது அது. நூல் மில்லில் கணக்கு எழுதித் தலை நரைத்தவன் நான். சம்பளத்தை வைத்துப் போடும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. செலவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அம்மாப்பேட்டையில் எங்களுக்குச் சொந்த வீடு. மளிகை 7,000, காய்கறி பழம் 3,000, பால் 1,800, கேஸ், கரண்ட், கேபிள், போன் 2,500, மாத்திரை மருந்து 3,500, பஸ் ஆட்டோ 1,500. கூட்டினால் 19,300 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். வருடச் செலவை எடுங்கள்: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 48,000, வீட்டு வரி 5,000, வீட்டு ரிப்பேர் 25,000, ஆடிப் பண்டிகை முதல் பொங்கல் வரை மகள் குடும்பம் வந்து போக 24,000. அப்புறம் மொய் 30,000. நம் வீட்டு விசேஷத்தில் எழுதியதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியுமா? மொய் நோட்டு எல்லார் வீட்டிலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆக வருடத்துக்கு 1,32,000, மாதத்துக்கு 11,000. மொத்தம் 30,300. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இது இரண்டு மடங்காகிவிடும்.

இதுவரை பலரும் போட்டுவிடுவார்கள். கட்டுரையில் எனக்குக் குறையாகப்பட்டது வேறு. என் மனைவி என்னைவிட ஏழு வயது சின்னவள். நான் போனபின் அவள் ஒருத்திக்கு எவ்வளவு ஆகும் என்று அதே நோட்டில் எழுதிப் பார்த்தேன். அரிசி பருப்பு குறையும், என் மாத்திரை நிற்கும், பிரீமியம் இறங்கும். வரி, ரிப்பேர், மொய் அப்படியே இருக்கும். ஆட்டோ செலவும் குறையாது. எப்படிச் சுருக்கியும் 22,000க்குக் கீழே வரவில்லை. ஆள் பாதியானாலும் செலவு கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைகிறது.

வரவோ அப்படியில்லை. எனக்கு வரும் இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் 3,100 ரூபாய். அவளுக்கு அதில் பாதி. அதற்குப் பஞ்சப்படியும் கிடையாது. பழைய அரசு ஓய்வூதியத்திலேயே கடைசிச் சம்பளத்தில் பாதி வாங்கியவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம்தான். அதனால்தான் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சத்தை அவளையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகப் போட்டேன். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய் வருகிறது. எனக்குப் பின்னும் முதிர்வு வரை அவளே தொடரலாம். மாடி வாடகையும் அவள் கணக்குக்கே போகிறது.

ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குளுகுளுவென்று காலம் தள்ளலாம் என்று என் நண்பர்கள் சிலர் பேசுகிறார்கள். கணவர் போனபின் அங்கே தனியாக இருக்கும் அம்மா ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டுமே, அந்த கார் வாடகையை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தம்பதிக்கு ஒரு பட்டியலும் தனித்திருப்பவருக்கு ஒரு பட்டியலுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
அம்மாப்பேட்டை, சேலம்.