ஏட்டையாவுக்கு, லெத்பிரிட்ஜிலிருந்து

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணத்துக்குத் தையில் நாள் குறித்திருப்பதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். மண்டப விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறபடியே விட்டுவிடு, அதில் போய் மல்லுக்கு நிற்காதே. முழங்கால் வலிக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று இவள் கேட்கச் சொன்னாள். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். வீட்டில் கீழே ஒரு சாமான் வைக்க முடியவில்லை.

"அங்கே புல்லைத் தவிர பார்க்க என்னடா இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். புல்தான். அப்புறம் காற்று, நடந்து போகிற ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற காற்று. ஆனால் மதுவிலக்குப் பிரிவிலேயே தலை நரைத்த உனக்கென்று இங்கே ஒரு விஷயம் இருக்கிறது: சாராயம்.

கனடாவின் மேற்கே இருக்கும் இந்த ஊருக்குள் ஓல்ட்மேன் ஆறு ஆழமாகப் பள்ளம் பறித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ஹூப்-அப் கோட்டை என்ற பழைய சாராயக் கோட்டையை மாதிரிக்கு மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நிஜக் கோட்டை இருந்தது இன்னும் சற்றுத் தள்ளி, செயின்ட் மேரி ஆறு வந்து கலக்கும் இடத்தில். 1869இல் அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வந்த ஹீலி, ஹாமில்டன் என்ற இரண்டு வியாபாரிகள் போட்டது. அமெரிக்காவில் பழங்குடிகளுக்குச் சாராயம் விற்கத் தடை. எல்லையைத் தாண்டி வடக்கே வந்துவிட்டால் கேட்பாரில்லை. சரக்கைக் கேள்: எரிசாராயத்தில் ஆற்றுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, மெல்லுகிற புகையிலை, மிளகாய், இஞ்சிச் சாறு, கரும்புப் பாகு எல்லாவற்றையும் போட்டுக் கலக்குவார்களாம். நீ கொட்டிக் கவிழ்த்த ஊறல் பானைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதில் ஒரு குவளை கொடுத்து, பதப்படுத்திய காட்டெருமைத் தோல் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தோலைப் பதப்படுத்தப் பெண்கள் நாள்கணக்கில் சுரண்டித் தேய்த்திருப்பார்கள். தோலெல்லாம் மிசூரி ஆற்றங்கரையில் பென்டன் கோட்டைக்குப் போய், அங்கிருந்து நீராவிப் படகில் கிழக்கே போகும்.

இந்த வியாபாரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்ரி பாட்ஸ். 1840 வாக்கில் மொன்டானாவில் ஒரு தோல் வியாபாரக் கோட்டையில் பிறந்தவர். அப்பா அங்கே கணக்கு எழுதிய ஸ்காட்லாந்துக்காரர். அம்மா கைனாய் இனத்துப் பெண். பிளாக்ஃபுட் என்ற பழங்குடிக் கூட்டமைப்பில் கைனாய் ஒரு பிரிவு. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே, வேறு யார்மீதோ இருந்த கோபத்தில் ஒருவன் அப்பாவைத் தவறாகச் சுட்டுவிட்டான். பிறகு ஒரு முரட்டு வியாபாரியிடம் வளர்ந்து, அவன் கைவிட்டபின் ஆண்ட்ரூ டாசன் என்ற நல்ல மனுஷர் கைக்குப் போய்ச் சேர்ந்தார். கோட்டையில் கொஞ்ச காலம், அம்மாவின் கூடாரத்தில் கொஞ்ச காலம் என்று இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டார். ஆள் குட்டை, தோள் சரிவு, கால் வளைவு. சட்டைக்குள் ஒரு பூனைத் தோலை எப்போதும் காப்பாக வைத்திருப்பாராம்.

ஹூப்-அப் ஆட்களுக்கு இவரும் வேலை பார்த்தார். வேட்டையாடி இறைச்சி கொண்டுவருவது, வழி காட்டுவது. 1870இல் இந்த ஆற்றுப் பள்ளத்திலேயே கிரீ என்ற இன்னொரு பழங்குடி இனத்தவர் கைனாய் முகாமைத் தாக்கினார்கள். கைனாய்கள் அப்போதுதான் பெரியம்மையில் ஏராளமான பேரை இழந்திருந்தார்கள், எளிதாக அடித்துவிடலாம் என்ற கணக்கு. பக்கத்தில் புதிய ரக ரைஃபிள்களோடு பிளாக்ஃபுட்டின் இன்னொரு பிரிவான பிகானிகள் முகாமிட்டிருந்தது கிரீகளுக்குத் தெரியவில்லை. அந்தச் சண்டையில் பிகானிகளோடு நின்றவர் பாட்ஸ். ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற கிரீகளை, கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் யாராவது ஒருவர்மேல் படும் என்று பின்னாளில் சொன்னாராம். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். இப்போது பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

1872இல் அம்மாவும், அம்மாவின் இன்னொரு மகனும் குடிபோதைத் தகராறில் கொல்லப்பட்டார்கள். கொன்றவனை இவர் தேடிப் பிடித்துப் பழி தீர்த்தார். ஆனால் அந்தக் குவளையை ஊற்றிக் கொடுத்தவர்களிடம் முந்தாநாள் வரை சம்பளம் வாங்கியவரும் இவர்தான். அந்த நினைப்போடு எப்படி இருந்தாரோ, எழுதி வைக்கிற ஆள் இல்லை அவர்.

அடுத்த வருஷம் சைப்ரஸ் குன்றில் மொன்டானாவிலிருந்து வந்த ஓநாய் வேட்டைக்காரர்கள் அசினிபாயின் என்ற பழங்குடியினரின் முகாமில் இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கனடா அரசு புதிதாகச் சேர்த்திருந்த குதிரைப் போலீஸை, சாராய வியாபாரத்தை ஒடுக்க, 1874 ஜூலையில் மேற்கே அனுப்பியது. சுமார் 275 பேர். இந்தப் படையெடுப்பின் லட்சணத்தை நீ ரசிப்பாய். ஹூப்-அப் எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. போ (Bow) என்ற ஆறு ஓல்ட்மேனோடு கலக்கும் இடம் என்று நினைத்துப் போனார்கள், அங்கே ஒன்றுமில்லை. குதிரைகள் தீனியில்லாமல் விழுந்து செத்தன. கடைசியில் அதிகாரிகள் தெற்கே பென்டன் கோட்டைக்குப் போய், சாமான் வாங்கிய கடைக்காரர்களிடம் வழி தெரிந்த ஆள் யாரென்று கேட்டார்கள். பாட்ஸ் கிடைத்தார். மாதம் 90 டாலர்.

முதல் நாளே தனியாக முன்னே போய்விட்டார். எங்கேயாவது தொலைந்தாரோ என்று போலீஸ்காரர்கள் நினைத்தபோது, மத்தியானம் வழியில் ஒரு கொழுத்த காட்டெருமையைச் சுட்டு, உரித்து, துண்டு போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். நல்ல தண்ணீர் எங்கே ஊறுகிறது என்பதும் அவருக்கு அத்துப்படி. அதுவரை சேற்றுத் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இவரைத் தெய்வமாகத்தான் தெரிந்திருக்கும். பேச்சு மட்டும் வராது. அந்த மேட்டுக்கு அப்பால் என்ன என்று ஓர் அதிகாரி கேட்டதற்கு, "இன்னொரு மேடு" என்றாராம்.

அக்டோபர் 9ஆம் தேதி ஹூப்-அப் வந்து சேர்ந்தார்கள். பீரங்கியை எல்லாம் கோட்டையை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, மக்லவுட் என்ற அதிகாரி கூசாமல் போய்க் கதவைத் தட்டினார். ஒரே ஒரு ஆள் வந்து திறந்து, உள்ளே வாங்க, சாப்பிடுங்க என்றார். சொட்டுச் சரக்கு இல்லை! ரெய்டு வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுவது உன் காலத்து வியாதி மட்டுமில்லை என்று தெரிந்துகொள்.

அப்புறம் பாட்ஸ் ஓல்ட்மேன் ஆற்றில் விறகும் புல்லும் தண்ணீரும் உள்ள இடத்தைக் காட்டினார். அங்கேதான் மக்லவுட் கோட்டை எழுந்தது. அடுத்த மார்ச்சில் மக்லவுடும் அவரும் போலீஸ்காரர்களுக்குச் சம்பளப் பணம் வாங்க மொன்டானாவுக்குப் போகும்போது பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரைப் பனியைக் கத்தியால் குடைந்து, உள்ளே பதுங்கிக் கிடந்து பிழைத்தார்கள். பனி வெளிச்சத்தில் கண் மங்கிய நிலையிலும் பாட்ஸ்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கூலிக்குக் கட்சி மாறியவன் என்று நீ சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சரக்கு அம்மா வீட்டுச் சனங்களை என்ன செய்தது என்று உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். போலீஸ் வந்து சில மாதங்களிலேயே சாராயக் கோட்டைகள் ஓய்ந்துபோயின. அது அவர் இல்லாமல் நடந்திருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. 1877 செப்டம்பரில் பிளாக்ஃபுட் தலைவர்கள் அரசோடு ஏழாம் ஒப்பந்தம் செய்தபோது, இருபக்கப் பேச்சையும் சொல்ல அமர்த்தப்பட்டவர்களில் இவரும் ஒருவர். நீண்ட பேச்சை நாலு வார்த்தையில் முடித்துவிடுவார் என்று இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பிளாக்ஃபுட் பெரியவர்களோ, நாங்கள் சமாதானத்துக்குத்தான் சம்மதித்தோம், நிலத்தைக் கொடுப்பதாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்கிறார்கள். அதைக் கேட்டபின் அந்த நாலு வார்த்தைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தமாகி இரண்டே வருஷத்தில் இந்தப் பக்கம் காட்டெருமை இல்லாமல் போய், சனங்கள் பட்டினியில் விழுந்தார்கள்.

அவர் கடைசிவரை போலீஸில்தான் இருந்தார், 22 வருஷம். சாராயத்தை ஒழிக்க வழிகாட்டியவர் குடியை மட்டும் விடவேயில்லை. மேலதிகாரிகளும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். 1896 ஜூலையில் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். துப்பாக்கி மரியாதையோடு மக்லவுட் கோட்டையில் அடக்கம் செய்தார்கள்.

உன் காலத்திலும் தொழிலுக்குள் இருந்துகொண்டே துப்புக் கொடுத்த ஆட்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்? இலாகா அவர்களுக்கு ஏதாவது செய்ததா, காரியம் முடிந்ததும் கைகழுவியதா? விவரமாக எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதித் தொலை, எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அன்புடன்,
சங்கரன்