ஆகஸ்ட் 1 கூட்டத்திற்கு உதவியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஜமைக்காத் தீவில் அடிமையாக இருந்த ஜேம்ஸ் வில்லியம்ஸின் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்த கூட்டம் மனம் நிறைய முடிந்தது. இடம் தந்த நூலகருக்கும், கடைசிவரை எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி.

வர முடியாதவர்களுக்காகச் சில வரிகள். அன்று ஆங்கிலேயர் ஆண்ட ஜமைக்காவில் 1834இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் அதே எசமானரிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. எசமான் சாட்டையைத் தொடக்கூடாது என்றது சட்டம். அவர் புகார் சொன்னால் நீதிபதி அடிக்க உத்தரவிட்டார். பதினெட்டு வயதுக்குள் ஏழு முறை அப்படி அடி வாங்கியவன் ஜேம்ஸ். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஆங்கிலேயர் ஜோசப் ஸ்டர்ஜ் அவனுடைய விடுதலையை விலை கொடுத்து வாங்கி, 1837இல் இங்கிலாந்துக்கு வரவழைத்தார். அவன் சொல்லச் சொல்ல எழுதி அச்சிட்ட சிறு புத்தகம் ஊரெல்லாம் பரவியது. 1840வரை நீண்டிருக்க வேண்டிய அந்தக் கொடுமை 1838 ஆகஸ்ட் 1 அன்றே முடிந்ததில் அவன் வாய்ச்சொல்லுக்கும் பங்குண்டு.

என் மொழிபெயர்ப்பில் அவன் 'துன்புறுத்தப்பட்டேன்' என்று பேசிக்கொண்டிருந்தான். அதை வாசிக்க வந்த கல்லூரி மாணவி 'அடித்தார்கள்' என்று மாற்றினார். அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சிறையில் கால்மிதி உருளை இருந்தது. கைகளை மேலே கட்டையோடு கட்டி, சுழலும் படிகளில் ஏறிக்கொண்டே இருக்க வைப்பார்கள். கால் தவறினால் படி காலில் மோதும். மொழிபெயர்க்கும்போது புத்தகத்தின் அந்த இடம் எனக்குப் பிடிபடவேயில்லை. எங்கள் தெருத் தச்சர் விவரம் கேட்டுப் போனவர், ஒரு முழ நீளத்தில் அதைச் செய்தே கொண்டுவந்துவிட்டார். படிகளின் விளிம்பை மட்டும் அவர் இழைக்கவில்லை. "வழவழப்பாக்கினால் பொய்யாகிவிடும், அய்யா" என்றார். அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பத்தியைத் திருப்பி எழுதினேன். கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த மடலே அவருக்காகத்தான்.

"அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனான்?" என்று கேட்ட பாட்டிக்கும் நன்றி. அவன் நடத்தையைக் குறை சொல்லி, அதே ஆண்டு ஜமைக்காவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் ஸ்டர்ஜ். அதைச் சொன்னபோது பாட்டியின் முகம் வாடியது. ஸ்டர்ஜின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த ஓரிடத்தில் நான் பாட்டியின் பக்கம்தான்.

உருளை நூலகத்தின் வாசல் மேசையில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மொழிபெயர்த்தவன்